அமெரிக்க நெடுஞ்சாலை நிதியமும் மராமத்துக் கணக்கும்

அமெரிக்காவில் சாலைகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் மத்திய அரசு பணம் ஒதுக்கும் சட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2021 நவம்பரில் ஜோ பைடன் கையெழுத்திட்ட உள்கட்டமைப்புச் சட்டத்தின் போக்குவரத்துப் பகுதிக்கு ஆயுள் 2026 செப்டம்பர் 30 வரை. கெடு நெருங்கும்போதெல்லாம் வாஷிங்டனில் எழும் பேச்சு ஒன்றுதான்: நெடுஞ்சாலை நிதியம் காலியாகிறது, அதை எப்படி நிரப்புவது? இது பொய்க் கவலை என்று சொல்ல முடியாது. நிதியத்தின் முதன்மை வருவாயான பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993க்குப் பிறகு அது ஏறவே இல்லை. இதற்குள் விலைவாசி இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 2008இல் முதன்முறையாக 800 கோடி டாலரைப் பொதுக் கருவூலத்திலிருந்து எடுத்து நிதியத்தில் போட்டார்கள். அவசரத்துக்கு என்று தொடங்கியது வழக்கமாகி, 2021 சட்டத்தின் 11,800 கோடியையும் சேர்த்தால் ஏறத்தாழ 27,500 கோடி டாலர் இப்படிக் கைமாறியிருக்கிறது. ஆனால் பற்றாக்குறையையே பேசிக்கொண்டிருந்ததில், அந்தப் பணம் மாநிலங்களையும் நகராட்சிகளையும் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்ற கணக்கு பார்க்கப்படாமலே போய்விட்டது. புதிதாகக் கட்டினால் வாஷிங்டன் பெரும்பங்கு தரும். கட்டியதை அன்றாடம் பராமரித்து வைத்திருப்பதற்குப் பெரும்பாலும் தராது. இந்த விதி மாறாதவரை நிதியத்தில் எவ்வளவு கொட்டினாலும் சாலைகளும் பாலங்களும் பேருந்துகளும் இன்றிருக்கும் நிலையில்தான் இருக்கும் என்பது என் வாதம்.

விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். அமெரிக்காவில் 40 லட்சம் மைலுக்கு மேல் பொதுச் சாலை உண்டு. அவற்றில் மத்திய அரசுக்குச் சொந்தமானது மிகச் சிறிய பகுதி. மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள்கூட அந்தந்த மாநிலத்தின் சொத்து. மத்திய அரசு பணம் தருகிற இடத்தில் இருக்கிறது, சாலையை நடத்துகிற இடத்தில் இல்லை. 1916இல் உட்ரோ வில்சன் காலத்துச் சட்டம் ஐந்தாண்டுக்கு 7.5 கோடி டாலர் ஒதுக்கி, பாதிச் செலவை மாநிலம் ஏற்க வேண்டும், அதற்கென்று ஒரு சாலைத் துறையும் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பெட்ரோல் வரியை முதலில் கண்டுபிடித்தது மாநிலங்கள்தான். 1919இல் ஓரிகன் கேலனுக்கு ஒரு சென்ட் விதித்தது. 1932இல் மத்திய அரசும் ஒரு சென்ட் விதித்தபோது அது சாலைக்காக இல்லை. பெருமந்தத்தில் காலியான கருவூலத்துக்காக. சாலைப் பயனாளியின் வரி சாலைக்கே என்ற கொள்கை காலங்காலமாக இருந்துவருவதாகப் பலர் பேசுகிறார்கள். மத்திய அரசின் ஏட்டில் அதற்கு வயது 1956லிருந்துதான்.

1956இல் நடந்தது ஒரு பேரம். குடியரசுத் தலைவர் ஐசனோவர் அமைத்த குழுவுக்குத் தலைவரான ஜெனரல் லூசியஸ் கிளே, கடன் பத்திரம் வெளியிட்டுச் சாலை போடலாம் என்றார். கடன் என்றாலே முகம் சுளிக்கும் வர்ஜீனியா செனட்டர் ஹாரி பேர்ட் அதை ஏற்கவில்லை. கடைசியில் உருவானது நெடுஞ்சாலை நிதியம்: பெட்ரோல் வரி இரண்டு சென்ட்டிலிருந்து மூன்றாக ஏறும், வரும் பணம் நிதியத்தில் சேரும், சேர்ந்த அளவுக்குத்தான் செலவு. 41,000 மைல் பெருஞ்சாலை. செலவில் 90 விழுக்காடு வாஷிங்டனுடையது. ஒதுக்கீடு 13 ஆண்டுக்கு 2,500 கோடி டாலர். கவனிக்க வேண்டியது, இந்த நிதியத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. 1972இல் சாலை வேலை முடியும், நிதியமும் முடியும் என்பதே திட்டம். கட்டி முடித்ததும் மாநிலத்தின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் ஒப்பந்தக்காரரின் மனநிலையில் எழுதப்பட்ட சட்டம் அது. பராமரிப்பு மாநிலத்தின் பொறுப்பு என்று விட்டதில் அன்றைக்குத் தவறில்லை. சாலையே இன்னும் போடப்படவில்லை. ஆனால் நிதியம் 1972இல் முடியவில்லை, நீட்டிக்கப்பட்டது, மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. சாலைகள் முதுமையடைந்தன, சட்டத்தின் அடித்தளம் மட்டும் கட்டுமானக் காலத்திலேயே நின்றுவிட்டது.

இடையில் சீர்திருத்தங்கள் நடக்காமல் இல்லை. 1964இல் ஜான்சன் ஆட்சியில் நகரப் பொதுப் போக்குவரத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. 1973இல் நெடுஞ்சாலைப் பணத்தின் ஒரு பகுதியைப் பேருந்துக்கும் ரயிலுக்கும் திருப்ப வழி பிறந்தது. 1982 இறுதியில் காங்கிரஸ் நிறைவேற்றி, 1983 ஜனவரியில் ரேகன் கையெழுத்திட்ட சட்டம் வரியை நான்கிலிருந்து ஒன்பது சென்ட்டாக உயர்த்தி, அதில் ஒரு சென்ட்டைப் பொதுப் போக்குவரத்துக் கணக்கில் போட்டது. வரிக்கு எதிரி என்று பெயரெடுத்தவர் கையெழுத்திட்ட வரி உயர்வு அது! 1991 சட்டம் இன்னும் துணிச்சலானது. அதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் நியூயார்க் செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன். பெருஞ்சாலை வலைப்பின்னல் முடியும் தறுவாயில், பெருநகரத் திட்டக் குழுக்களுக்கு அதிகாரம் தந்து, சாலைப் பணத்தையும் பேருந்துப் பணத்தையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. பிறகு வந்தவை வேகம் குன்றியவை. 2005 சட்டத்தில் உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்கென்று செருகிய தனி ஒதுக்கீடுகள் மட்டும் 6,000க்கு மேல். அலாஸ்காவில் சில பத்துப்பேர் வசிக்கும் கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட 22.3 கோடி டாலர் அதில்தான் வந்தது. ‘எங்கும் போகாத பாலம்’ என்று நாடே சிரித்தது. 2012 சட்டம் அந்தச் செருகல்கள் இல்லாமல் வந்தது, ஆனால் மாநிலங்களின் பங்கைத் தேவையைக் கணக்கிடாமல் முந்தைய ஆண்டுகளின் விகிதத்திலேயே உறைய வைத்தது. மக்கள்தொகை இடம்பெயர்ந்தாலும், பாலங்கள் பழுதானாலும் பங்கு அப்படியேதான்.

இனி விதியின் நுணுக்கத்துக்கு வருவோம். மத்திய உதவி பெறும் சாலையில் மேற்பரப்பை மறுபடி போடுவது, பாலத்தைப் புதுப்பிப்பது, முழுதாக மாற்றிக் கட்டுவது ஆகியவற்றுக்கு வாஷிங்டன் பங்கு தரலாம். 1976இலும் 1981இலும் செய்த திருத்தங்களால் இது பெருஞ்சாலைக்கும் வந்தது. தடுப்புப் பராமரிப்பு என்ற பெயரில் சிலவற்றுக்குப் பிற்பாடு இடம் கிடைத்தது. ஆனால் அன்றாட மராமத்துக்கு, அதாவது குழி நிரப்புவது, பனி அள்ளுவது, பாலத்து வடிகாலில் அடைந்த இலைகளை எடுப்பது போன்றவற்றுக்குப் பொதுவாகப் பணம் இல்லை. கேட்டால் நியாயமாகவே தோன்றும். அன்றாட வேலை உள்ளூர்க்காரர் பொறுப்புதானே? ஆனால் ஒரு நகராட்சிப் பொறியாளரின் மேசையிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். அவர் கையில் இருக்கும் சொந்தப் பணத்தில் ஒரு டாலரை வடிகால் சுத்தத்துக்குச் செலவிட்டால் ஒரு டாலர் வேலைதான் நடக்கும். அதே ஒரு டாலரை, பாலம் பழுதான பிறகு மாற்றிக் கட்டும் திட்டத்தில் உள்ளூர்ப் பங்காக வைத்தால், நாலு டாலர் வாஷிங்டனிலிருந்து வரும். காத்திருப்பவருக்குப் பரிசு, உடனே செய்பவருக்கு முழுச் செலவும் தன் தலையில்.

பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரிக் பூங்கா ஓடைக்கு மேலே நின்ற ஃபெர்ன் ஹாலோ பாலம் இதற்கு நல்ல சாட்சி. 1970களின் தொடக்கத்தில் கட்டிய எஃகுப் பாலம்; வண்ணப்பூச்சு தேவைப்படாதது, மேலே படியும் துருவே உள் எஃகைக் காக்கும் என்ற நம்பிக்கையில் தேர்ந்தெடுத்த உலோகம். அந்த எஃகு ஈரம் தேங்காத இடத்தில்தான் அப்படி நடந்துகொள்ளும். இங்கே தளத்தின் வடிகால்கள் அடைத்துக்கொண்டன. நீர் வழி தவறிச் சாய்ந்த கால்களின் மேல் வடிந்தது. கால் அடியில் இலையும் மண்ணும் சேர்ந்து ஈரம் காயவே இல்லை. எஃகு பொத்தலாகும் அளவுக்கு அரித்தது. 2011இலிருந்து ஆய்வறிக்கைகள் பாலத்தை ‘மோசம்’ என்ற தரத்தில் வைத்தன. என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் எழுதியும் வைத்தன. நகராட்சி செய்யவில்லை. 2022 ஜனவரி 28 அதிகாலையில், பனி பொழிந்த நேரத்தில், ஒரு தொடர்ப் பேருந்தும் சில கார்களும் மேலே இருக்கப் பாலம் உடைந்து பள்ளத்தில் விழுந்தது. பலருக்குக் காயம், உயிரிழப்பு இல்லாதது வெறும் அதிர்ஷ்டம். அன்றைக்கே குடியரசுத் தலைவர் உள்கட்டமைப்பு பற்றிப் பேச அதே நகரத்துக்கு வந்திருந்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024இல் தந்த முடிவு: ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பராமரிப்பை நகரம் செய்யாததால் அரித்துப்போன கால் தகடு ஒன்று முறிந்தது. பாலம் தாங்கும் எடையைக் கணக்கிட்டதிலும் பிழைகள் இருந்தன. இடிந்த பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்தியப் பணம் சுமார் 2.5 கோடி டாலர் வந்து, ஓராண்டு முடிவதற்குள், 2022 டிசம்பரில் புதிய பாலத்தில் வண்டி ஓடியது. பத்து ஆண்டு வடிகால் சுத்தத்துக்கு வராத பணம், இடிந்த ஓராண்டுக்குள் வந்து சேர்ந்தது.

இது நகராட்சியின் அலட்சியம், இதற்கு வாஷிங்டன் எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்கலாம். அலட்சியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாட்டில் உள்ள 6,20,000க்கு மேற்பட்ட பாலங்களில் ஏறத்தாழ 42,000 ‘மோசம்’ என்ற தரத்தில் இருக்கும்போது, எல்லா ஊரிலும் அலட்சியக்காரர்கள் மட்டுமே பதவிக்கு வருகிறார்கள் என்று நம்புவது கடினம். விதி அவர்களை அந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதே பொருந்தும் விளக்கம். சாய்வு இன்னொரு இடத்திலும் தெரிகிறது: சாலையை அகலப்படுத்தும் ஆசையில். ஹூஸ்டனின் கேட்டி பெருஞ்சாலையைப் பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம் வரை விரித்தார்கள்; 2008இல் முடிந்த வேலைக்குச் செலவு ஏறத்தாழ 280 கோடி டாலர். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயண நேரம் மறுபடி ஏறியது. பொருளாதார வல்லுநர்கள் ஜில் டுரான்டனும் மேத்யூ டர்னரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பெருநகரங்களில் பெருஞ்சாலைத் தடம் எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்று காட்டியது. புதிய தடம் நெரிசலைத் தீர்க்கவில்லை, ஆனால் பராமரிக்க வேண்டிய சொத்தைக் கூட்டியது. அந்தச் சொத்தின் அடுத்த ஐம்பது ஆண்டு மராமத்துச் செலவு திட்ட அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் கட்டாயமாக இருக்க வேண்டியதில்லை.

இதைத் திருத்தும் முயற்சிகளும் நடந்தன. எப்படித் தோற்றன என்பது பாடம். 2021இல் பிரதிநிதிகள் சபையின் போக்குவரத்துக் குழுத் தலைவர் பீட்டர் டிஃபாசியோ கொண்டுவந்த மசோதா, இருப்பதைச் செப்பனிட்ட பிறகே அகலப்படுத்து என்ற பொருளில் கட்டுப்பாடுகள் வைத்திருந்தது. செனட்டின் இரு கட்சி மசோதா வந்து அதை ஓரங்கட்டியது. சட்டமானது செனட்டின் பதிப்பே. பின்னர் 2021 டிசம்பரில் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: புதிய பணத்தைப் பழுது பார்ப்பதற்கு முதலில் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை, கட்டளை இல்லை. அதற்கே குடியரசுக் கட்சி செனட்டர்கள் கொதித்தார்கள். சட்டத்தில் இல்லாததை அதிகாரிகள் நுழைக்கிறார்கள், ஆளுநர்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார்கள். 2023 பிப்ரவரியில் சுற்றறிக்கை திருத்தி வெளியிடப்பட்டது. செனட்டர்கள் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: சட்டத்தில் இடமில்லாத கொள்கையைச் சுற்றறிக்கையால் கொண்டுவருவது நிலைக்காது. அப்படியானால் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் முடிவு.

மாநிலங்கள் மீது நிபந்தனை போடுவது கூட்டாட்சிக்கு விரோதம் என்ற மறுப்பு இங்கே எழும். வரலாறு அதற்கு ஒத்துழைப்பதில்லை. 1974இல் எண்ணெய் நெருக்கடியின்போது மணிக்கு 55 மைல் வேக வரம்பை ஏற்காத மாநிலத்துக்குச் சாலைப் பணம் இல்லை என்றார்கள். 1984இல் மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்தின் சாலைப் பணத்தில் ஒரு பங்கை நிறுத்தினார்கள். தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது, 1987இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்றது. மதுக்கடை வாசலில் நிற்பவரின் வயதுக்கு நெடுஞ்சாலை நிதியத்தைப் பூட்டாகப் பயன்படுத்தலாம், பாலத்துக் காலின் துருவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றால் அது வேடிக்கையாக இருக்கிறது. 2012 சட்டத்தில் ஒரு மெல்லிய நிபந்தனை இருக்கத்தான் செய்கிறது: தேசிய நெடுஞ்சாலை அமைப்பில் உள்ள பாலங்களின் தளப் பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மோசமாக இருந்தால், அந்த மாநிலம் தன் பணத்தில் ஒரு பகுதியைப் பாலத்துக்கென்று ஒதுக்க வேண்டும். முதன்மை வலைப்பின்னலுக்கு வெளியே இருக்கும் உள்ளூர்ப் பாலங்களை அது தொடுவதே இல்லை. அதே சட்டத்தின் சாலைப் பாதுகாப்பு இலக்குகளில் இன்னொரு விசித்திரம்: வரும் ஆண்டில் இத்தனை பேர் கூடுதலாக இறப்பார்கள் என்றுகூட ஒரு மாநிலம் இலக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. அதை அடைத்தது 2021 சட்டம்.

பொதுப் போக்குவரத்தின் பக்கம் வந்தால் அதே நோய் வேறு உருவில் தெரியும். 1974இல் பேருந்து, ரயில் நிறுவனங்களின் அன்றாட இயக்கச் செலவுக்கும் மத்திய உதவி தொடங்கியது. 1998 சட்டம் இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரப் பகுதிகளுக்கு அதை நிறுத்தியது. சிறு விதிவிலக்குகள் தவிர, பெருநகரங்களுக்கு இனி மூலதனப் பணம் மட்டும். விளைவு என்னவென்றால், பேருந்து வாங்க வாஷிங்டன் 80 விழுக்காடு தரும், அதை ஓட்ட ஓட்டுநருக்குச் சம்பளம் தராது. புதிய ரயில் பாதைக்குப் போட்டி மானியம் கிடைக்கும், இருக்கும் பேருந்தை அரை மணிக்குப் பதில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விட ஒரு காசும் கிடைக்காது. நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூ சுரங்க ரயில் முதல் கட்டம், மூன்று புதிய நிலையங்களுக்கு ஏறத்தாழ 450 கோடி டாலர் விழுங்கி 2017 ஜனவரி 1 அன்று திறந்தது. உலகின் மிகச் செலவான சுரங்கங்களில் ஒன்று. பாரிஸோ மாட்ரிடோ இதைவிடப் பலமடங்கு மலிவாகக் கட்டுவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். செலவைக் குறைக்கும் தூண்டுதல் மானிய விதியில் இல்லை என்பதால் அந்த ஒப்பீடு அறிக்கையோடு நின்றுவிடுகிறது.

கோவிட் காலத்தில் இந்த ஏற்பாட்டின் வலு எவ்வளவு என்று தெரிந்தது. பயணிகள் மறைந்ததும் காங்கிரஸ் மூன்று சட்டங்களில் ஏறத்தாழ 6,950 கோடி டாலரைக் கொடுத்து, அதை இயக்கச் செலவுக்கும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. பேருந்து நின்றால் மருத்துவமனை ஊழியர் வேலைக்கு வர முடியாது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. பணம் தீர்ந்ததும் பள்ளம் தெரிந்தது. பிலடெல்பியாவின் போக்குவரத்து நிறுவனத்தைக் காக்க 2024 நவம்பரில் பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷபிரோ 15.3 கோடி டாலர் மத்திய நெடுஞ்சாலைப் பணத்தை மாற்றிவிட்டார். 1991 சட்டம் தந்த அதே மாற்றும் உரிமை. அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றத்தில் உடன்பாடு வராமல் சேவைக் குறைப்பு தொடங்கியபோது, புதிய வண்டிகளுக்கும் பழுதுக்கும் வைத்திருந்த மூலதனப் பணத்தையே அன்றாடச் செலவுக்கு எடுக்க அனுமதி கொடுத்தார்கள். இன்றைய ஓட்டத்துக்கு நாளைய வண்டியை விற்பது மாதிரிதான். இயக்க உதவிக்கு எதிரான வாதத்தையும் அதன் வலுவோடு சொல்ல வேண்டும்: 1970களில் உதவி வந்தபோது அதில் ஒரு பகுதி கூடுதல் பேருந்து ஓட்டத்துக்குப் போகாமல் செலவு வீக்கத்துக்குப் போனது என்பது விமர்சகர்களின் குற்றச்சாட்டு, முழுக்கப் பொய்யும் இல்லை. அதற்கு மருந்து உதவியை வெட்டுவதில் இல்லை. அளக்கும் கோலை மாற்றுவதில் இருக்கிறது. சிறு நகரங்களில் அதிக சேவை ஓட்டும் நிறுவனங்களுக்குக் கூடுதல் பங்கு தரும் சூத்திரம் 2005 சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஓடிய வண்டி மணி, ஏறிய பயணி என்ற அதே அளவைப் பெருநகரத்துக்கும் நீட்டினால், கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் இடையே உள்ள செயற்கைச் சுவர் இடியும்.

இப்போது பணம் எங்கிருந்து என்ற கேள்வி. பெட்ரோல் வரியை ஏற்றிவிட்டால் போகிறது என்று சொல்பவர்கள் இரு கட்சியிலும் உண்டு. 2008இல் ஒரு தேசிய ஆணையம் ஐந்தாண்டில் 25 முதல் 40 சென்ட் வரை ஏற்றச் சொன்னது. 2010இல் மத்திய அரசின் பற்றாக்குறையைக் குறைக்க வழி தேடிய சிம்ப்சன்–போல்ஸ் குழு 15 சென்ட் சொன்னது. எதுவும் நடக்கவில்லை. ஏற்றுவது நல்லதுதான், ஆனால் அது தற்காலிகம். வண்டிகள் குறைந்த எரிபொருளில் ஓடுகின்றன, மின்வாகனம் இந்த வரியே கட்டுவதில்லை. இன்னும் பெரிய ஓட்டை சுமையில் இருக்கிறது. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே சோதனைச் சாலை அமைத்து லாரிகளை ஓட்டிப் பார்த்ததில் தெரிந்த உண்மை, சாலைச் சேதம் அச்சு எடையின் நாலாம் அடுக்கு விகிதத்தில் கூடுகிறது என்பது. எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. 1997இல் மத்திய அரசே செய்த செலவுப் பகிர்வு ஆய்வு, மிகக் கனமான லாரிகள் தாங்கள் விளைவிக்கும் செலவை ஈடுகட்டும் அளவுக்கு வரி கட்டவில்லை என்று கண்டது. எரிபொருளை அளந்து வாங்கும் வரியால் எடையையும் தூரத்தையும் பிடிக்க முடியாது.

ஆகவே மைல் கணக்கில் கட்டணம் என்ற யோசனை. ஓரிகன் 2015இல் விருப்பப்பட்டவர்களுக்கு இதைத் தொடங்கியது. யூட்டா 2020இல் மின்வாகனங்களுக்குக் கொண்டுவந்தது. ஹவாய் ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையில் பார்க்கும் ஓட்ட அளவியைக் கொண்டே கணக்கிடும் வழியைச் சட்டமாக்கியிருக்கிறது. அரசு நம் வண்டி எங்கே போகிறது என்று வேவு பார்க்குமே என்ற அச்சத்துக்கு ஹவாயின் வழியே பதில்: எங்கே என்று தெரிய வேண்டியதில்லை, எவ்வளவு என்று தெரிந்தால் போதும். கிராமத்தார் நீண்ட தூரம் ஓட்டுகிறார்களே என்ற மறுப்பும் பலமாகத் தோன்றும். ஆனால் அவர்கள் ஓட்டும் பழைய பிக்கப் வண்டிகள் எரிபொருளை அதிகம் குடிப்பதால், இன்றைய பெட்ரோல் வரியிலும் அதிகம் கட்டுபவர்கள் அவர்களே. இதைவிடச் சிக்கலான தடை வாஷிங்டனே வைத்திருக்கிறது. ஏற்கெனவே கட்டணமின்றி உள்ள பெருஞ்சாலைத் தடத்தில் சுங்கம் வைக்கப் பொதுவாக அனுமதி இல்லை. நியூயார்க் 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனின் 60ஆம் தெருவுக்குத் தெற்கே வரும் கார்களுக்கு உச்ச நேரத்தில் 9 டாலர் வாங்கத் தொடங்கியபோது, அதற்கும் மத்திய ஒப்புதல் தேவைப்பட்டது. அடுத்த மாதமே டிரம்ப் நிர்வாகம் ஒப்புதலை ரத்து செய்ய முயன்று, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. மாநிலங்களுக்குச் சுதந்திரம் தருவதாகச் சொல்பவர்கள் இந்தத் தடையை முதலில் தளர்த்தியிருக்க வேண்டும்.

பயனாளி கட்டணம் என்ற கொள்கையையே கைவிட்டு, பொதுக் கருவூலத்திலிருந்து கொடுத்துவிட்டுப் போகலாமே, சாலையால் கார் இல்லாதவரும் பயன்பெறுகிறாரே என்று இன்னொரு வாதம். நேர்மையான வாதம்தான், உலகில் பல நாடுகள் அப்படிச் செய்கின்றன. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மற்ற துறைகளைப் போல ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுக்கு நின்று மன்றாடாமல், பல ஆண்டுச் செலவுக்கு முன்கூட்டியே உறுதி தரும் தனி உரிமையை நெடுஞ்சாலைத் திட்டம் அனுபவிக்கிறது. தன் காலில் நிற்கும் நிதியம் என்பதால் தரப்பட்ட சலுகை அது. இப்போது நிற்பது அடுத்தவர் காலில். சலுகை மட்டும் போகவில்லை. கருவூலப் பணத்தில் ஓடப்போகிறது என்றால் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் சமமாக நின்று வாதாட வேண்டும். இல்லை, தனி உரிமை வேண்டும் என்றால் பயனாளியிடம் வாங்கத் துணிய வேண்டும். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்வது பதினேழு பதினெட்டு ஆண்டாக நடக்கிறது. நாட்டின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2007இலேயே போக்குவரத்து நிதியை ஆபத்தானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எல்லாவற்றையும் மாநிலத்திடம் விட்டுவிட்டு மத்திய வரியை 3.7 சென்ட்டாகச் சுருக்கலாம் என்று 2013இல் செனட்டர் மைக் லீ, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டாம் கிரேவ்ஸ் ஆகியோர் மசோதா வைத்தார்கள். இதில் பாதி சரி. உள்ளூர்த் தெருவுக்கும் பூங்கா நடைபாதைக்கும் வாஷிங்டன் வழியாகப் பணம் சுற்றி வரத் தேவையில்லை. மறுபாதியை வயோமிங் மறுக்கிறது. ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள அந்த மாநிலத்தில் 80ஆம் எண் பெருஞ்சாலை ஏறத்தாழ 400 மைல் ஓடுகிறது. மேற்குக் கரையிலிருந்து கிழக்கே போகும் லாரிகள்தான் அதைப் பெரிதும் தேய்க்கின்றன. அந்தச் செலவை வயோமிங்காரர்கள் மட்டும் ஏற்க வேண்டும் என்பதில் நீதி இல்லை. வலைப்பின்னலின் தண்டுக்கு மத்திய அரசு தேவை, கிளைக்கு வேண்டாம். மராமத்தை முன்வைத்தால் டெக்சஸ், அரிசோனா போல வளரும் மாநிலங்கள் நசுங்கும் என்ற கவலைக்கும் இதே எல்லைக்குள் பதில் இருக்கிறது. புதிய தடத்தைத் தடை செய்ய வேண்டியதில்லை. அதன் வாழ்நாள் மராமத்துக்கு மாநிலம் பணம் காட்டினால் வாஷிங்டன் தன் பங்கைத் தரட்டும். வளரும் மாநிலத்தின் வரி அடித்தளமும் வளர்கிறது. அதற்கு அது கஷ்டமில்லை.

இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. மத்திய உதவியில் போட்ட சாலையைப் பராமரிப்பது மாநிலத்தின் கடமை, அறிவிப்புக் கொடுத்தும் செய்யாவிட்டால் அடுத்த திட்டங்களுக்கு ஒப்புதல் நிறுத்தப்படும் என்று 1916 சட்டமே எழுதியிருக்கிறது. அதன் வாரிசு இன்றைய நெடுஞ்சாலைச் சட்டத் தொகுப்பின் 116ஆம் பிரிவு. அறிவிப்புக் காலம் 90 நாள். மத்தியப் பணத்தில் எழுந்த கட்டமைப்பைத்தான் அது பிடிக்கும், எது சரியான பராமரிப்பு என்று அளவு சொல்வதில்லை, ஒரு பாலத்துக்காக அந்த நகரத்தின், வட்டாரத்தின் அல்லது மாநிலத்தின் அடுத்த திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒப்புதலை நிறுத்துவது என்ற கோடரியைத் தவிர வேறு ஆயுதமும் தருவதில்லை. அதனால் எடுத்து வீச யாருக்கும் மனம் வராது. அடுத்த சட்டம் எழுதுபவர்கள் அந்தப் பிரிவுக்கு மூன்று சேர்க்க வேண்டும்: ஆய்வறிக்கையில் சொன்ன மராமத்து எத்தனை மாதத்தில் முடிந்தது என்று வெளியிடும் கடமை, தாமதத்துக்கு ஏற்பப் படிப்படியாகக் குறையும் மானிய விகிதம், அன்றாடப் பாலப் பராமரிப்புக்கும் அதே 80 விழுக்காடு பங்கு.